மணிக்கு இவ்வளவு

என்னுடைய ஒரு மணி நேரம் எத்தனை ரூபாய் பெறும் என்பது பல வருடங்கள் எனக்கு மனப்பாடமாக இருந்தது. கம்பெனிகளின் கணக்கையும் சரக்கையும் ஓட்டும் எஸ்.ஏ.பி. மென்பொருளுக்குத் தனியாளாக கன்சல்டன்ட் வேலை பார்த்து வந்தேன். சில கம்பெனிகளுக்கு மணிக்கணக்கில் பில் போடுவேன், சிலவற்றுக்கு நாள் கணக்கில். நாள் கணக்கில் போட்டாலும் மனதுக்குள் எட்டால் வகுத்து வைத்திருப்பேன். கடையில் பக்கத்து வீட்டம்மா கொஞ்சம் நின்று பேசினால், தையல்காரர் நாளைக்கு வரச் சொன்னால், வேளச்சேரி சாலையில் பஸ் நகராமல் நின்றால், அந்தத் தொகை தானாக மனதில் ஓடும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

2022-ல் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் நிரந்தர வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் கம்பெனி பஸ், வாசலில் அட்டை தேய்ப்பது, லீவுக்கு விண்ணப்பம் போடுவது எல்லாம் சில வாரங்களில் பழகிவிட்டன. பழகாமல் நின்றது இந்தக் கணக்குதான். அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் என் வயதில், என் தொழிலில், தனி ஆட்டத்தை விட்டுச் சம்பளத்துக்குப் போகலாமா என்று யோசிக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் பணத்தைப் பற்றியே இருக்கிறது.

மேடவாக்கத்தில் வீடு வாங்கியதே இந்தத் தொழிலுக்காகத்தான். கிழக்கே சோழிங்கநல்லூர் வழியாக ஓ.எம்.ஆர். மேற்கே சந்தோசபுரம், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு கடந்து தாம்பரம் போனால் ஜி.எஸ்.டி. சாலை, அங்கிருந்து மறைமலை நகர், ஒரகடம். மாம்பாக்கம் சாலையில் தெற்கே போனால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையையும் பிடிக்கலாம். மென்பொருள் கம்பெனிகள் ஒரு பக்கம், தொழிற்சாலைகள் மறு பக்கம். இரண்டு பக்கமும் வாடிக்கையாளர் வைத்திருக்கிற ஆளுக்கு இதைவிட வசதியான ஊர் இல்லை. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் திசைக்கான மேம்பாலம் 2022 மே மாதம்தான் திறந்தது. அதற்கு முன் மேடவாக்கம் கூட்ரோடில் நின்ற நேரத்தையெல்லாம் நான் பணமாகவே பார்த்தேன்.

என்னைப் போன்ற கன்சல்டன்டுகளுக்கு வாழ்வு கொடுத்தது 2017 ஜூலை 1. அன்று ஜி.எஸ்.டி. வரி வந்தது. கலால், வாட், சேவை வரி என்று கம்ப்யூட்டரில் வருடக்கணக்காகக் கட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரே இரவில் மாற வேண்டும். பில்லின் வடிவம், எச்.எஸ்.என். எண், உள்ளூர் விற்பனைக்கு ஒரு வரி, வெளிமாநிலத்துக்கு இன்னொன்று. அம்பத்தூரிலிருந்து மறைமலை நகர் வரை, தெரிந்தவர்களெல்லாம் கூப்பிட்டார்கள். அதன் பிறகு, பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ். 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு 2020 அக்டோபரில் கட்டாயமானது. 2021 ஜனவரியில் வரம்பு 100 கோடிக்கு இறங்கியது, ஏப்ரலில் 50 கோடிக்கு, 2022 ஏப்ரலில் 20 கோடிக்கு. ஒவ்வொரு முறை வரம்பு இறங்கும்போதும் ஒரு கூட்டம் கம்பெனிகள் கடைசி மாதத்தில் அலறிக்கொண்டு வரும். நான் போவேன், செய்து கொடுப்பேன், கையெழுத்து வாங்குவேன், அடுத்த கம்பெனிக்குக் கிளம்புவேன்.

வருமானம் நல்ல வருமானம். வாடிக்கையாளர் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு கொடுப்பார். தொழில்முறை வருமானத்தில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று வருமான வரிச் சட்டத்தில் 44ஏடிஏ என்ற பிரிவு 2016-ல் வந்தது. அப்போது 50 லட்சம் வரை வரவு உள்ளவர்கள் கணக்குப் புத்தகம் வைக்காமலே வரி கட்டிவிட முடிந்தது. சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நடப்பில் அந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்டால் அடுத்த வேலை வராது. ஆகவே கேட்க மாட்டோம்.

2021-க்குப் பிறகு அம்மாவின் சிறுநீரகம் மெல்லக் கெட ஆரம்பித்தது. பல வருடச் சர்க்கரை. மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, பிறகு டாக்டரைப் பார்க்க வரிசை. ஒருநாள் அந்த வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: "நீ கெளம்பும்மா, உனக்கு வேலை கெடக்கும். நான் ஆட்டோ புடிச்சு வந்துடறேன்." நான் வாய் திறந்து எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்புதான், டோக்கன் எண்ணைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம், அது எத்தனை ரூபாய் என்று கணக்குப் போட்டு முடித்திருந்தேன். அம்மாவுக்கு அது என் முகத்தில் தெரிந்திருக்கிறது. நான் கிளம்பவில்லை. "வேலை ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அம்மா நம்பவில்லை.

இது எனக்கு மட்டும் உள்ள நோய் இல்லை என்பது பிறகு படித்துத் தெரிந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சான்ஃபோர்ட் டிவோ, ஜூலியன் ஹவுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரை அவரவர் வருமானம் மணிக்கு எவ்வளவு என்று முதலில் கணக்கிடச் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் ஓர் இனிமையான ஆப்பரா இசையை ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகப் போட்டுக் காட்டினார்கள். மணிக்கணக்கு போட்டவர்களால் அதை மற்றவர்கள் அளவுக்கு ரசிக்க முடியவில்லை. எப்போது முடியும் என்று இருந்திருக்கிறார்கள். கேட்பதற்குக் காசு கொடுத்தபோது அந்தப் பொறுமையின்மை குறைந்தது. படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. டோக்கன் வரிசையில் நான் என்னவாக இருந்தேன் என்பதை யாரோ எங்கிருந்தோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

நிரந்தர வேலைக்குப் போனதற்கு நேரடிக் காரணம் இன்சூரன்ஸ். அம்மாவின் வயதில், ஏற்கெனவே நோய் இருக்கும்போது தனியாக பாலிசி எடுத்தால், அந்த நோய்க்குக் காப்பீடு கிடைக்க நான்கு வருடம் வரை காத்திருக்க வேண்டிய விதி அப்போது இருந்தது. (2024-ல் அதை மூன்றாகக் குறைத்தார்கள்.) இந்தக் கம்பெனியின் குழுக் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடம் இருந்தது, இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே செல்லும். இதை மறைக்க எதுவும் இல்லை. தொழில் வளர்ச்சி, புதிய சவால் என்று நேர்காணலில் சொன்னேன். காரணம் அம்மா.

சேர்வதற்கு முன் ஆஃபர் லெட்டரை நான் வாசித்த விதத்தை மட்டும் மற்றவர்களுக்குச் சொல்வேன். சி.டி.சி. என்று போட்டிருக்கும் தொகையைப் பழைய வருமானத்தோடு ஒப்பிடக் கூடாது. அதற்குள் பி.எஃப்.பில் கம்பெனி போடும் பன்னிரண்டு சதவீதம் இருக்கும். நம் சம்பளத்திலிருந்து பிடிக்கும் பன்னிரண்டு வேறு. அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் கிராஜுவிட்டி என்று ஒரு வரி இருக்கும். 15 நாள் சம்பளத்தை மாதம் 26 நாள் என்று வைத்து வருடத்துக்குப் பிரித்த கணக்கு அது. அன்றைய விதிப்படி ஐந்து வருடம் முடித்தால்தான் அது கைக்கு வரும். நோட்டீஸ் காலம் தொண்ணூறு நாளா என்று பார்க்க வேண்டும். வெளி வேலை எதுவும் செய்யக் கூடாது என்ற ஷரத்தைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். 2022-ல் ஐ.டி. கம்பெனிகளில் மூன்லைட்டிங் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. பழைய வாடிக்கையாளர்களிடம் முறையாக விடைபெற்று, அவர்களுக்கு வேறு ஆள் காட்டிவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட்டேன்.

இனி வேலைக்கு வருகிறேன்.

எஸ்.ஏ.பி.யில் தொழிற்சாலைப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு கோகி என்றால் தெரியும். ஒரு பொருள் தயாராகி முடிந்தது என்று பதிவு செய்தவுடன், அதற்குப் போன உதிரிகளை கம்ப்யூட்டர் தானாக இருப்பிலிருந்து கழித்துக்கொள்ளும். கழிக்க இருப்பு இல்லையென்றால் அந்தப் பதிவு பிழையாகத் தேங்கும். தேங்கியவை வந்து நிற்கும் பட்டியல்தான் கோகி. மாதக் கடைசியில் கணக்கை மூடுவதற்குமுன் அதைக் காலி செய்தாக வேண்டும். கன்சல்டன்டாக இருந்தபோது இந்தக் காலி செய்யும் வேலைக்குப் பல கம்பெனிகளில் என்னைக் கூப்பிடுவார்கள். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் பில், மறுமாதம் மறுபடியும். பட்டியல் ஏன் மாதாமாதம் நிறைகிறது என்று என்னை யாரும் கேட்கவில்லை. அதைத் தேடிப் போகும் நேரத்துக்கு யாரும் காசு தரப் போவதில்லை என்பதால் நானும் தேடவில்லை. கொடுத்த வேலையைக் குறைவில்லாமல் செய்தேன். அந்தத் தொழிலின் நியாயம் அவ்வளவுதான்.

வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் கோகி நிறைந்துதான் இருந்தது. முதல் மாதக் கடைசியில் காலி செய்தேன். அடுத்த மாதமும் செய்தேன். யாருக்கும் பில் அனுப்ப வேண்டியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டியல் நிறைந்தால் எனக்கு லாபம் இல்லை, தலைவலி மட்டும்தான். ஸ்டோர்ஸுக்குப் போனேன்.

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் என்னைவிட மூத்தவர். அவர் மேஜைக்கு எதிரில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். உட்கார்ந்தேன். டீ வந்தது. அரை மணி நேரம் அவர் மகள் நர்சிங் சேர்ந்த கதையைச் சொன்னார். எனக்குள் அந்தப் பழைய கணக்கு ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். பிறகு அவராகவே விஷயத்துக்கு வந்தார்.

"ராத்திரி காஸ்டிங் வண்டி வந்தா யாரு மேடம் என்ட்ரி போடுவா? கேட்ல செக்யூரிட்டி நோட்டுல எழுதுவாரு. உள்ள இருக்கற பையன் காண்ட்ராக்ட்டு. அவனுக்கு லாகின் கெடையாது. லைன் நிக்கக் கூடாதுன்னு சீட்டு எழுதிக் குடுத்துடுவான். காலைல நான் வந்து மொத்தமா போடுவேன்."

அதாவது, சரக்கு இரவே லைனுக்குப் போய் வண்டிப் பாகமாகி முடிந்துவிடுகிறது. கம்ப்யூட்டருக்கு அது வந்ததே காலையில்தான் தெரிகிறது. இடையில் நடந்த ஒவ்வொரு பதிவும் கோகியில் போய் விழுகிறது.

"இத முன்னாடி வந்தவங்ககிட்ட சொல்லலையாண்ணா?"

"கேட்டாதானே மேடம். வர்றவங்க நின்னுக்கிட்டே பேசிட்டுப் போயிடுவாங்க. நம்மளும் ஏன் தொந்தரவு பண்ணணும்னு உட்டுடறது."

முன்னாடி வந்தவர்கள் வேறு ஆட்கள். ஆனால் வேறு கம்பெனிகளின் ஸ்டோர்ஸில் அப்படி நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனவள் நான்.

காரணம் தெரிந்தவுடன் தீர்ந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கன்சல்டன்ட் புத்தி அது. பரிந்துரை எழுதினால் வேலை முடிந்தது. இங்கே எழுதியதற்குப் பிறகுதான் தொடங்கியது. காண்ட்ராக்ட் ஆளுக்கு லாகின் கொடுக்கக் கூடாது என்பது தணிக்கை விதி. அந்த விதிக்கும் நியாயம் இருந்தது; சரக்கைக் கையில் வைத்திருப்பவரே பதிவையும் போட்டால் திருட்டுக்கு வழி. ஆடிட்காரர்களிடம் பேச வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு நிரந்தர ஆள் போட்டால் செலவு, அதற்கு ஹெச்.ஆர். ஒப்ப வேண்டும். கையடக்க ஸ்கேனர் வாங்கலாம் என்றால் அந்த வருட பட்ஜெட் முடிந்துபோயிருந்தது. செக்யூரிட்டி ஏஜென்சியின் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை இல்லை. ஒவ்வொன்றாகப் பேசி, ஒத்துக்கொண்டவர்கள் மாற்றலாகிப் போய், மறுபடி பேசி, அடுத்த நிதியாண்டில்தான் கேட்டில் ஸ்கேனர் வந்தது. வண்டி உள்ளே வரும்போதே வரவு தற்காலிகமாகப் பதிவாகும். காலையில் இன்சார்ஜ் சரிபார்த்து உறுதி செய்வார். கோகி இப்போதும் வருகிறது. ஆனால் மாதக் கடைசியில் அதற்காக யாரும் இரவு தங்க வேண்டியதில்லை.

இந்த மாதங்களில் நான் நிறைய நினைத்துக்கொண்டது ஜேம்ஸ் மெக்கின்சியைத்தான். உலகத்தின் பெரிய ஆலோசனை நிறுவனங்களில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பேராசிரியர். 1926-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்ஷல் ஃபீல்டு என்ற பெரிய கடைத்தொகுப்புக்கு அவருடைய நிறுவனம் ஆலோசனை சொன்னது. 1935-ல் அந்தக் கம்பெனியே அவரைத் தலைவராக அழைத்தது. போனார். மொத்த வியாபாரப் பிரிவை மூடினார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள், எதிர்ப்பு கிளம்பியது. அடுத்தவருக்கு ஆலோசனை சொல்வதைவிடத் தானே முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்று இதற்குமுன் தனக்குத் தெரியவே தெரியாது என்று அவர் தன் சகாவிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1937-ல் நிமோனியாவில் இறந்தார். வயது 48. அந்தத் தொழிலில் அவ்வளவு பெயர் பெற்ற மனிதருக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஸ்கேனருக்காக நடையாய் நடந்த நாட்களில் அது எனக்குத் தெம்பாக இருந்தது.

நிரந்தர வேலையில் எனக்கு இன்னும் பிடிக்காதவையும் உண்டு. வருடக் கடைசி அப்ரைசலில் என்னைவிடப் பத்து வயது இளையவர் எனக்கு மதிப்பெண் போடுகிறார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் போடுகிறார், இருந்தும் அன்று இரவு தூக்கம் சரியாக வருவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு மணி நேரப் பர்மிஷன் கேட்டு மெயில் போடும்போது கை ஒரு நிமிடம் நிற்கும். இது என் வேலை, இது என் வேலை இல்லை என்று பிரித்துச் சொல்லும் உரிமை போய்விட்டது. முன்பெல்லாம் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டுவேன்.

யார் ஒப்பந்தக்காரர், யார் தொழிலாளர் என்ற பிரிவினை சட்டத்திலும் சுலபமாக இருந்ததில்லை. குஜராத்தில் கட்ச் ரண் ஓரத்தில் உப்பு விளைவிக்கிற அகாரியா மக்களைப் பற்றி 1956-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற கம்பெனியின் பாத்திகளில் குடும்பத்தோடு உழைத்தவர்கள். அவர்களுக்கு வேலை நேரம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது. விளைந்த உப்பின் எடைக்குத்தான் கூலி. அவர்கள் சுதந்திரமான ஒப்பந்தக்காரர்கள் என்றது கம்பெனி. இல்லை, தொழிலாளர்களே என்றது நீதிமன்றம். பாத்தி அமைப்பதிலிருந்து உப்பைச் சேர்ப்பது வரை, வேலை எப்படி நடக்க வேண்டும் என்று மேற்பார்வை செய்யும் அதிகாரம் கம்பெனி கையில் இருந்ததுதான் காரணம். கடிகாரத்தை வைத்து எல்லை போட நீதிபதிகள் பார்க்கவில்லை. ஆனால் நான் என் சுதந்திரத்தையெல்லாம் கடிகாரத்தில்தான் வைத்திருந்தேன். எந்த நேரத்தில் வேலை செய்வது என்பது என் கையில் இருந்தது. என்ன கேள்வி கேட்பது என்பது பெரும்பாலும் வாடிக்கையாளர் கையில். இப்போது நேரம் கம்பெனியுடையது. ஸ்டோர்ஸில் ஏன் இப்படி நடக்கிறது என்று கேட்டு, பதில் கிடைக்கும் வரை அங்கேயே இருக்கும் வசதி என்னிடம் வந்திருக்கிறது.

அம்மாவின் சிகிச்சை காப்பீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரிசையில் உட்காரும்போது கணக்கு அடியோடு நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். குறைந்திருக்கிறது. அம்மா இப்போது என்னைக் கிளம்பச் சொல்வதில்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன மருந்து, எந்த டாக்டர் என்று விசாரித்து எனக்குச் சொல்கிறார், நானும் கேட்கிறேன்.

பழைய தொழிலிலிருந்து விடாமல் வைத்துக்கொண்ட பழக்கம் எழுதி வாங்குவது. மீட்டிங் முடிந்ததும் யார் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்று அன்றே மெயில் போட்டுவிடுவேன். உள்ளே இருக்கிறவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள். நமக்குள் என்ன என்று விட்டுவிடுவார்கள். ஆள் மாறும்போதெல்லாம் என்னைக் காப்பாற்றியவை அந்த மெயில்கள்தான்.

எங்கள் கம்பெனி ஓட்டுவது எஸ்.ஏ.பி.யின் பழைய பதிப்பு. அதற்கான வழக்கமான பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துவதாக எஸ்.ஏ.பி. அறிவித்திருக்கிறது. புதிய பதிப்புக்கு மாறியாக வேண்டும். கன்சல்டன்டுகளை எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வருகிறவர்களைப் பார்க்கிறேன், கெட்டிக்காரர்கள், வேகமானவர்கள், ஸ்டோர்ஸில் நின்றுகொண்டே பேசுகிறவர்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. உட்காரும் நேரத்துக்கு யாரும் அவர்களுக்குப் பணம் தருவதில்லை. அதனால் பர்ச்சேஸ் ஆர்டரில் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ஒவ்வொரு கன்சல்டன்டும் இரண்டு இரவு ஷிஃப்டு ஸ்டோர்ஸில் இருக்க வேண்டும், அதற்கு முழு நாள் கட்டணம், அறிக்கை எதுவும் தர வேண்டாம். அறிக்கை இல்லாத வேலைக்கு எதற்குப் பணம் என்று ஃபைனான்ஸிலிருந்து இரண்டாவது முறையாகக் கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். கோகியின் மாதக் கணக்கை இணைத்து, வரியை அப்படியே வைத்து, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.